முத்திரை இல்லாத கடிதம்

பெர்னடெட் ரீச்சர் சுற்றுநிருபங்களைச் சேர்த்து வைப்பவர். கொழும்புக் கல்வி அமைச்சிலிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தால் மற்ற ஆசிரியர்கள் ஓரத்தில் கையெழுத்தை வைத்துவிட்டுத் தேத்தண்ணீருக்குப் போய்விடுவார்கள். ரீச்சர் அதை இரண்டு தரம் வாசிப்பார். தன் கையால் பிரதி எடுப்பார். இலக்கம் போட்டு, நூல் கோத்து, அலுமாரியில் அடுக்குவார். லீவு விதியில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அதிபரிடம் போவதில்லை, ரீச்சரிடம்தான் போவார்கள். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

அந்தப் பற்றுக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய தகப்பன் பிலிப்பு, காங்கேசன்துறைக்குக் கிழக்கே உள்ள கரையில் வலை வீசிப் பிழைத்தவர். அந்தக் குறிச்சியில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய பெண் அதுவரை இல்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போவதென்றால் அந்த நாளில் பெரிய மனிதர் ஒருவரின் சிபாரிசு வேண்டும். பிலிப்பு மூன்று மாதம் தன் வலையில் பட்ட நல்ல பாரை மீனையெல்லாம் ஒரு பெரிய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மீனை வாங்கிக்கொண்ட பெரிய மனிதர், சிபாரிசை வேறொருவரின் மகளுக்குக் கொடுத்தார். பிலிப்பு அதற்குப் பிறகு இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் ஒரு சுற்றுநிருபம் வந்தது. இனிமேல் சிபாரிசு இல்லை, பரீட்சைப் புள்ளிதான் என்று அதில் இருந்தது. பட்டியலில் பெர்னடெட்டின் பெயர் மூன்றாவது. யாருடைய மகள், எந்தக் குறிச்சி, எந்தச் சாதி என்று அந்தக் கடதாசி கேட்கவில்லை. மனிதர் ஏமாற்றுவார்கள், கடதாசி ஏமாற்றாது என்று அன்றைக்கு மனதில் பதிந்ததுதான். பிறகு அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

எண்பத்து மூன்று ஆடியில் தெற்கில் தமிழரை அடித்தார்கள், எரித்தார்கள். உடுத்த உடுப்போடு சனம் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியது. ரீச்சரும் போய்ப் பாண் வெட்டிக் கொடுத்தார். அந்தக் களைப்பு ஆறுவதற்குள் புதிய சட்டம் வந்தது. அரசாங்கத்தில் சம்பளம் எடுப்பவர்கள் எல்லோரும் நாட்டைப் பிரிக்கமாட்டோம் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். பாலேஸ்வரி என்ற இளம் ரீச்சர், இவ்வளவும் செய்துபோட்டு எங்களிடமே சத்தியம் கேட்கிறார்களே என்று பேனையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெர்னடெட் ரீச்சர் முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார்.

“எரிச்சது ஆக்கள், பிள்ளை. சட்டம் எரிக்கேல்லை” என்று சொன்னார்.

அதைச் சொல்லும்போது அவர் மனமார நம்பித்தான் சொன்னார். அவரை வைத்துச் சிரித்தவர்களைவிட எனக்கு அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

எண்பத்தைந்து தை மாதம் சமூகக்கல்விக்கு ஒரு சுற்றுநிருபம் வந்தது. பத்தாம் ஆண்டில் பிரசைகளின் உரிமையும் கடமையும் என்ற அலகைப் புத்தகத்தில் மட்டும் படிப்பித்தால் போதாது. ஒவ்வொரு மாணவரும் தன் ஊரின் உண்மையான குறை ஒன்றைப் பற்றி உரிய அரசாங்கக் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆசிரியர் திருத்தி இருபது புள்ளிக்கு மதிப்பிட வேண்டும். அதிபர் பார்வையிட்டு ஒப்பமிட்டு, பாடசாலை முத்திரையோடு தபாலில் அனுப்ப வேண்டும். பெயர், கடிதத்தின் பொருள், புள்ளி, கிடைத்த பதில் என்று நாலு நிரல் போட்டுப் பதிவுப்புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். மற்றப் பள்ளிக்கூடங்களில் இதைச் செய்ததாக எழுதிவிட்டு விட்டிருப்பார்கள். பெர்னடெட் ரீச்சரிடம் அந்தப் பழக்கம் இல்லை.

வகுப்பில் பதினேழு பேர். பெரும்பாலும் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். கிணற்றுக்குக் கட்டு இல்லை, வாசிகசாலைக்குக் கூரை இல்லை, தபாற்காரர் ஒழுங்காக வருவதில்லை என்று ஆளுக்கொன்று எழுதினார்கள். சிசிலியா என்ற பெண் மட்டும் கடலைப் பற்றி எழுதினாள். அப்போது கடலில் கட்டுப்பாடு. கரையோரத்தில் ஒரு சின்ன எல்லைக்குள்தான் தொழில் செய்யலாம், அதைத் தாண்டினால் கடற்படை சுடும். “எங்கள் ஊர் மீனவர்கள் மிகவும் கஷ்டப்படுகிறார்கள். தயவுசெய்து எல்லையைக் கூட்டித் தரவும்” என்று நாலு வரி எழுதியிருந்தாள்.

ரீச்சர் சிவப்புப் பேனையால் ஓரத்தில் எழுதினார். எந்த மீனவர்? என்ன கஷ்டம்? எப்போது? ஆதாரம்?

இரண்டாம் தரமும் சிசிலியா நாலு வரிக்கு மேல் எழுதவில்லை. ரீச்சர் அவளை மேசைக்குக் கூப்பிட்டார். பெயரும் விபரமும் இல்லாத மனுவை எந்தக் காரியாலயமும் குப்பைக்குள் போட்டுவிடும் என்று விளக்கினார். உன் வீட்டில் நடப்பதையே எழுது, அதைவிட ஆதாரம் வேறென்ன என்றார். சிசிலியா காலால் நிலத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா ஏசுவார் ரீச்சர்.”

“உண்மையை எழுதுறதுக்கு ஆருக்கும் பயப்பிடத் தேவையில்லை, பிள்ளை. அரசாங்கம் கேட்டுத்தானே எழுதுறம்.”

மூன்றாம் தரம் சிசிலியா ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். தன் தகப்பன் யாகோப்புவின் பெயர், வள்ளத்தின் பதிவிலக்கம், வீட்டில் ஆறு சீவன்கள் என்ற கணக்கு எல்லாம் இருந்தது. எல்லைக்குள் வலை போட்டால் சூடை மீனும் பாசியும்தான் வருகிறது, அதனால் கிழமையில் இரண்டு நாள் விடியப்புறம் தகப்பன் எல்லையைத் தாண்டிப் போய் வருகிறார், அவர் திரும்பி வரும்வரை அம்மா செபமாலையோடு கரையில் நிற்கிறார், எல்லையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் இப்படி ஒளித்துப் போக வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாள். ரீச்சர் அதை இரண்டு தரம் வாசித்தார். பதினெட்டுப் புள்ளி போட்டார். முகவரிக்கும் திகதிக்கும் இடையில் வெளி விடாததற்கு இரண்டு புள்ளி வெட்டினார்.

அதிபர் சோமசேகரம் கீரிமலையிலிருந்து சைக்கிளில் வந்து போகிற மனிதர். ஓய்வுபெற ஒன்பது மாதம் இருந்தது. பதினேழு கடிதத்தையும் வாசித்தார். சிசிலியாவின் கடிதத்தை இரண்டாம் தரம் எடுத்து, கடிதமென்றால் இதுதான் கடிதம் என்று பாலேஸ்வரிக்கும் வாசித்துக் காட்டினார். பதிவுப்புத்தகத்தில் “பார்வையிட்டேன், மிக நன்று” என்று எழுதி ஒப்பம் வைத்தார். எல்லாக் கடிதத்திலும் தன் கையாலேயே முத்திரை குத்தினார். ரீச்சர் தபாற்கந்தோருக்கு நடந்துபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

அந்தக் கடிதம் போன காரியாலயத்தில் யார் அதைப் பிரித்தார்கள், எந்த மனிதன் அதை இராணுவ முகாமுக்கு அனுப்பச் சொன்னான் என்பது இன்றுவரை தெரியாது. மூன்று கிழமை கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, வள்ளத்தை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்த யாகோப்புவைக் கரையில் வைத்துப் பிடித்தார்கள். பெயரைக் கேட்கவில்லை, பதிவிலக்கத்தைப் பார்த்துத்தான் பிடித்தார்கள். எல்லையைத் தாண்டிப் போனவன் இயக்கத்து ஆட்கள் யாரை ஏற்றி இறக்கினான் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதிகாரியின் கையில் சிசிலியாவின் கடிதம் இருந்ததை யாகோப்புவின் மனைவி அருமைநாயகி கண்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மகளின் கையெழுத்து எப்படி இருக்கும் என்பது தெரியும்.

பத்து மணிக்கு அருமைநாயகி பள்ளிக்கூட வாசலில் நின்றாள். சத்தம் போடவில்லை. “நீங்கள் சொன்னபடியால்தானே ரீச்சர் என்ரை பிள்ளை எழுதினவள்” என்று மட்டும் கேட்டாள். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் காட்டிக்கொடுத்துவிட்டது என்று குறிச்சி முழுக்கக் கதை பரவியது. சனத்தின் பேச்சில் பிழை இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

பங்குத்தந்தை அன்று பின்னேரமே முகாமுக்குப் போனார். திரும்பி வந்து ஒரு வழி இருக்கிறது என்றார். இது அரசாங்கத்தின் விதிப்படி வகுப்பில் செய்த பாடவேலை, சாட்சியம் அல்ல என்று அதிபர் எழுதித் தந்தால் அதைப் பார்த்து யோசிக்கலாம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். தெற்கே தடுப்பு முகாமுக்கு அனுப்புவதற்கு முதல், புதன்கிழமைக்குள் தர வேண்டும்.

ரீச்சருக்கு உயிர் வந்தது. சுற்றுநிருபம் இருக்கிறது. பதிவுப்புத்தகம் இருக்கிறது. அதிபரின் ஒப்பம் இருக்கிறது. ஒரு கடிதம் எழுதக் கால் மணித்தியாலம் போதும். வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக அதிபரின் அறைக்குப் போனார்.

அதிபர் தலையை ஆட்டிக் கேட்டார். கட்டாயம் செய்ய வேண்டியதுதான், அவசரப்பட்டு எழுதிச் சொல் பிழைத்துவிடக்கூடாது, சனி ஞாயிறு இருந்து யோசித்துத் திங்கட்கிழமை தருகிறேன் என்றார். ரீச்சர் எழும்பும்போது, வெள்ளிக்கிழமையல்லவா, பதிவுப்புத்தகத்தை வழமைபோல வைத்துவிட்டுப் போங்கள் என்று ஞாபகப்படுத்தினார்.

வெள்ளிக்கிழமைகளில் பதிவுப்புத்தகம் அதிபரின் அலுமாரியில் இருக்க வேண்டும் என்பது விதி. வேறு எந்த ஆசிரியராக இருந்தாலும் அன்றைக்கு அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார். இருபத்தைந்து வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாத ரீச்சர், அன்றும் கொண்டுபோய் வைத்தார்.

திங்கட்கிழமை அதிபர் அவரைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக் கதைத்தார்.

“நான் அந்தக் கடிதத்தைப் பாக்கேல்லை ரீச்சர். நீங்கள் அனுப்பினது எனக்குத் தெரியாது.”

ரீச்சர் அலுமாரியைத் திறந்து பதிவுப்புத்தகத்தை எடுத்தார். பக்கங்களுக்கு இலக்கம் போடுவது அவர் வழக்கம். நாற்பதுக்குப் பிறகு நாற்பத்து மூன்று வந்தது. நடுவில் தையல் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்த நூலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அதிபரைப் பார்த்தார்.

“எனக்கு மூண்டு பெட்டைப் பிள்ளையள்” என்றார் அதிபர். “எழுதித் தந்தால் நாளைக்கு என்னையும் கூப்பிடுவாங்கள்.”

“யாகோப்புவுக்கும் பிள்ளையள் இருக்கு, சேர்.”

அதிபர் முத்திரையை மேசையிலிருந்து எடுத்து லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். மூன்று மாதம் மீனை வாங்கித் தின்ற பெரிய மனிதராவது பிலிப்புவின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். இந்த மனிதருக்கு அதுவும் முடியவில்லை.

ரீச்சர் தானே ஒரு கடிதம் எழுதினார். தந்தையின் பெயரையும் இலக்கத்தையும் எழுதும்படி மாணவியை வற்புறுத்தியது நான்தான் என்று ஒளிக்காமல் எழுதினார். சுற்றுநிருபத்தின் பிரதியையும் குண்டூசியால் சேர்த்துக் குத்தினார். செவ்வாய்க்கிழமை அருமைநாயகியோடு முகாமுக்குப் போனார்.

அதிகாரி இளம் ஆள். மரியாதையாகவே இருந்தார். கதிரை கொடுத்தார். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் ரீச்சரின் கடிதத்தை அவருக்கு வாசித்துச் சொன்னான். அதிகாரி கோப்பைத் திறந்து சிசிலியாவின் கடிதத்தை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிசிலியாவின் கடிதத்தின் அடியில் இருந்த வட்டமான ஊதா முத்திரையில் விரலை வைத்தார். பிறகு ரீச்சரின் கடிதத்தின் அடியில், வெறுமையாக இருந்த இடத்தில் வைத்தார். சுற்றுநிருபமும் கையால் எழுதிய பிரதிதான், அதிலும் முத்திரை இல்லை. முத்திரை உள்ள கடதாசியை நம்புவதா, இல்லாததை நம்புவதா, நீங்கள் ஒரு ஆசிரியர், நீங்களே சொல்லுங்கள் என்று சிப்பாய் மூலம் கேட்டார்.

ரீச்சருக்குப் பதில் தெரியும். அதிபரின் ஒப்பமும் முத்திரையும் இல்லாத கடிதம் செல்லாது என்று அதே பதினேழு பேருக்கும் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் அவர். எழும்பி வெளியே வந்தார். அருமைநாயகி முன்னால் நடந்தாள்.

புதன்கிழமை யாகோப்புவைத் தெற்கே கொண்டு போனார்கள்.

சிசிலியா பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள். கோயிலில் ரீச்சர் இருந்த வாங்குப் பலகையில் வேறு யாரும் வந்து இருப்பதில்லை. அவருடைய சொந்தத் தம்பி தேவராசா கூட வீட்டுப் படலையில் மீன் கொண்டுவந்து கொடுப்பதை விட்டுவிட்டான். வருட முடிவில் வட்டாரக் கல்வி அதிகாரி வந்து பதிவுப்புத்தகத்தைப் பார்த்தார். ரீச்சர் கிழிந்த பக்கத்தைத் திரும்ப எழுதி வைத்திருந்தார். கிடைத்த பதில் என்ற நிரலில் பதினாறு பேருக்கு ‘இல்லை’ என்று இருந்தது. சிசிலியாவின் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார். நிரலை வெறுமையாக விடக்கூடாது என்று அதிகாரி அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். அதே கிழமை சோமசேகரம் மாலையும் பொன்னாடையுமாக ஓய்வுபெற்றார். வாழ்த்துமடல் வாசித்தவர்கள் அவருடைய நேர்மையைப் பற்றி மிகவும் சொன்னார்கள்.

எண்பத்தேழில் இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து, பிடித்தவர்களில் பலரை விட்டார்கள். அருமைநாயகி ஒவ்வொரு நாளும் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். யாகோப்பு வரவில்லை. தெற்கே முகாமில் இருந்தார் என்று ஒருவர் சொன்னார், அப்படிப் பெயரே இல்லை என்று இன்னொருவர் சொன்னார்.

தொண்ணூறில் ஆனி மாதம் கரை முழுவதும் எழும்பி ஓடியது. ஷெல் விழுந்துகொண்டிருக்க, சனம் சட்டி பானையையும் நகையையும் எடுத்தது. அப்போது பதில் அதிபராக இருந்த பெர்னடெட் ரீச்சர் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ப் பதிவேடுகளையும் இறப்பர் முத்திரையையும் எடுத்துக்கொண்டு மானிப்பாய்ப் பக்கம் வந்தார். மாற்றிக் கட்ட ஒரு சேலை கூட அவரிடம் இல்லை. அங்கே வேறொரு பள்ளிக்கூடத்தில் பின்னேர நேரத்தில் அவர்களுடைய பள்ளிக்கூடம் நடந்தது.

அடுத்த வருடம் ஒரு நாள் சோமசேகரம் வந்தார். கீரிமலை வீடும் அதற்குள் இருந்த கோப்புகளும் போய்விட்டன. மெலிந்திருந்தார், சேட்டுத் தொளதொளவென்று தொங்கியது. ஓய்வூதியம் நின்றுவிட்டது. திரும்ப எடுப்பதற்கு, இன்ன வருடத்திலிருந்து இன்ன வருடம்வரை அதிபராக இருந்தார் என்று பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும்.

“முத்திரையோடை வேணுமாம் ரீச்சர்” என்றார்.

ரீச்சர் அவரை இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தார். மேசையில் இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று அவர் கேட்டது. மற்றது ஆறு வருடத்துக்கு முதல் எழுதியிருக்க வேண்டியது. சிசிலியாவின் கடிதம் சுற்றுநிருபத்தின்படி செய்த பாட ஒப்படை, அதை அதிபர் வாசித்து ஒப்பமிட்டு முத்திரை குத்தி அனுப்பினார், பதிவுப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்தவரும் அவரே என்று இருந்தது. விபரங்களை எழுதச் சொல்லி மாணவியை வற்புறுத்தியவர் பெர்னடெட் என்ற வரியும் இருந்தது. அடியில் இரண்டு பேர் ஒப்பமிட இடம் விட்டிருந்தார்.

சோமசேகரம் இரண்டாவதை வாசிக்க நேரம் எடுத்தது.

“உது இப்ப ஆருக்குத் தேவை?”

“எனக்குத் தேவை, சேர். முதல் உதிலை ஒப்பம் வையுங்கோ. பிறகு மற்றதுக்கு முத்திரை குத்திறன்.”

பட்டினி கிடக்கிற மனிதரிடம் இப்படி வாங்குவது நியாயமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சுற்றுநிருபத்தில் இல்லாத ஒன்றை ரீச்சர் வாழ்க்கையில் செய்தது அந்த ஒரு நாள்தான். சோமசேகரம் ஒப்பம் வைத்தார். ரீச்சர் இரண்டு கடிதத்திலும் முத்திரையை அழுத்திக் குத்தினார்.

அன்று பின்னேரமே சிசிலியாவைத் தேடிப் போனார். அவள் இரண்டு கட்டைத் தூரம் தள்ளி, ஓலையால் மறைத்த ஒரு கொட்டிலில் தாயோடு இருந்தாள். இரவல் தையல் மிசினில் சட்டை தைத்துக்கொடுத்துச் சீவியம் நடந்தது. அருமைநாயகி ஒரு மூலையில் செபமாலையோடு இருந்தாள், யார் வந்தது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. ரீச்சர் கடிதத்தை நீட்டினார். இதைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுக்கலாம், கேட்டுப் பார்க்கலாம் என்று ஏதோ சொன்னார். சொல்லச் சொல்லவே அதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது.

சிசிலியா மிசினிலிருந்து எழும்பி வெளிச்சத்துக்கு வந்தாள். கடிதத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். முகவரி, திகதி, பொருள், இரண்டு ஒப்பம், முத்திரை என்று ஒவ்வொன்றிலும் அவள் விரல் போய் நின்றது. முகவரிக்கும் திகதிக்கும் இடையில் ஒழுங்காக வெளி விட்டிருந்தது.

“எல்லாம் சரியா இருக்கு ரீச்சர்” என்றாள். “இதுக்கு எத்தினை புள்ளி போடுவியள்?”

சிசிலியா கடிதத்தை நாலாக மடித்து அவருடைய கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, மிசினில் போய் இருந்தாள்.